சர்வருக்குள் ஒரு கோர்வை

புதிதாக வாங்கிய டிஸ்க்கில் இருப்பது வெறும் எண் வரிசை. 4 டிபி டிஸ்க் என்றால் சுமார் 781 கோடி செக்டர்கள், ஒவ்வொன்றும் 512 பைட். எது எதற்கு என்ற அடையாளம் ஒன்றும் அதில் கிடையாது. அந்த வரிசையில் ‘இங்கிருந்து இதுவரை இதற்கு’ என்று எல்லை போட்டுத் தருவதுதான் பார்ட்டிஷன். வீட்டுக் கம்ப்யூட்டரில் இதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பெரிய டேட்டா சென்டர்களில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சிறு அலுவலக சர்வரில்தான் இது கைவினையாகிறது. அங்கே கணக்கு, கடிதம், படம், டிசைன் எல்லாம் ஒரே பெட்டிக்குள் வாழவேண்டும். பெட்டியைப் பார்த்துக்கொள்ள முழுநேர ஆள் இருக்கமாட்டார். ஒருமுறை போட்ட எல்லை ஐந்தாறு வருஷம் தாக்குப்பிடிக்க வேண்டும்.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு நடுத்தரப் பட்டு நிறுவனத்தின் அலுவலகத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்தக் கலையின் நுணுக்கம் நன்றாகப் புரியும். பில் போடும் கம்ப்யூட்டர் மூன்று, கணக்குப் பிள்ளைக்கு ஒன்று, டிசைன் போடுகிறவர்களுக்கு இரண்டு, மேனேஜருக்கு ஒன்று. எல்லாம் ஒரே சர்வரைப் பார்த்து நிற்கின்றன. உவமையும் அந்த ஊரிலேயே இருக்கிறது. காஞ்சிபுரம் சேலையில் உடலும் இரு பக்கக் கரைகளும் வேறு வேறு நாடாவில் ஓடும். உடலின் ஊடை கரையின் எல்லையில் திரும்பிவிடும். கரையின் ஊடை அதே எல்லையில் உடலின் ஊடையோடு கோத்துக்கொண்டு திரும்பும். மூன்றாவது நாடாவைத் தள்ள நெய்கிறவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். இதற்குக் கோர்வை என்று பெயர். தறியில் தனித்தனி வேலை. கட்டிக்கொள்கிறவருக்கு ஒரே துணி. நல்ல சர்வரும் அப்படித்தான். உள்ளே ஒவ்வொன்றுக்கும் தனி எல்லை இருக்கும். வேலை செய்கிறவர் கண்ணுக்கு ஒரே ஃபோல்டர் மரம் தெரியும்.

இந்த ஒட்டுப்போடும் வித்தை யூனிக்ஸில் பிறந்தது. 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் வேலை செய்த மெஷினில் முதல் டிஸ்க் நிரம்பியது. மிச்ச நிரல்களைப் பயனாளர்களின் ஃபைல்கள் இருந்த இரண்டாவது டிஸ்க்கில் வைத்தார்கள். அந்த டிஸ்க் ஒட்டியிருந்த இடத்தின் பெயர் ‘யூஎஸ்ஆர்’. இன்றைய லினக்ஸ் சர்வரிலும் அந்த ஃபோல்டர் அதே பெயரில் இருக்கிறது. இடப் பற்றாக்குறையில் அவசரமாகப் போட்ட ஒரு எல்லை ஐம்பது வருஷம் கடந்தும் அழியவில்லை. மவுன்ட் என்ற ஏற்பாட்டின் அழகும் இதுதான். இரண்டு டிஸ்க்கை ஒரே மரத்தில் ஒட்டினால் தையல் வெளியே தெரியாது.

விண்டோஸ் வழி வேறு. அங்கே ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் ஓர் எழுத்து. கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தருகிறவர்கள் நெடுங்காலமாகச் செய்துவந்த பழக்கம் ஒன்று உண்டு: டிஸ்க்கைச் சி, டி, இ என்று ஏறக்குறைய சமபாகமாக வெட்டி, சி-யில் விண்டோஸ், டி-யில் டேட்டா என்று சொல்லிக் கொடுப்பார்கள். சி போனாலும் டி தப்பிக்கும் என்ற எண்ணம் சரியானது, மதிக்கத்தக்கது. ஆனால் சமபாகம் தவறு. எது எவ்வளவு வளரும் என்று கேட்காமல் வெட்டியதால் இரண்டே வருஷத்தில் சி சிவப்பாகிவிடும். இ-யில் பாதி காலியாகவே கிடக்கும். சேலையில் உடலுக்கும் கரைக்கும் சம அகலம் கொடுப்பவர் யாரும் இல்லை.

எல்லைகளை எழுதிவைக்கும் இடம் மிகச் சிறியது. 1983-இல் ஐபிஎம் பிசி எக்ஸ்டி 10 எம்பி ஹார்ட் டிஸ்க்கோடு வந்தபோது, டாஸ் 2.0 முதல் செக்டரின் 512 பைட்டை இப்படிப் பிரித்தது: மெஷினை எழுப்பும் நிரலுக்கு 446 பைட், பார்ட்டிஷன் அட்டவணைக்கு 64 பைட், முத்திரைக்கு 2 பைட். ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட். ஆகவே நான்குதான் முடியும். ஒரு அலுவலகத்தின் மொத்தச் சொத்தும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அந்த 64 பைட்டில் இருந்தது. அந்தச் சிக்கனத்தில் ஒரு வசீகரம் இருப்பதை மறுக்க முடியாது. அபாயமும் அதே அளவு இருந்தது. அந்த ஒரு செக்டர் கெட்டால், டேட்டா முழுதாக இருந்தும் டிஸ்க் காலி என்றுதான் கம்ப்யூட்டர் சொல்லும். நீளத்தை 32 பிட்டில் எழுதியதால் சுமார் 2 டிபி-க்கு மேல் எண்ணவும் அதற்குத் தெரியாது.

இப்போது இருக்கும் ஜிபிடி முறை இந்தக் குறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தியது. வழக்கமாக 128 பார்ட்டிஷனுக்கு இடம், ஒவ்வொன்றுக்கும் 128 பைட். அட்டவணை டிஸ்க்கின் தலையில் ஒன்று, வாலில் ஒரு நகல். இரண்டும் சரிதானா என்று பார்க்க ஒரு சரிபார்ப்பு எண். ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் உலகில் வேறெதற்கும் இல்லாத ஓர் அடையாள எண். 4 டிபி டிஸ்க் வாங்கி, பழக்கதோஷத்தில் பழைய முறையிலேயே அட்டவணை எழுதிவிட்டால் பாதி டிஸ்க் பயன்படாமல் போகும். ரசிக்கத்தக்க இன்னொரு நுணுக்கம் தொடக்கப் புள்ளி. பழைய டாஸ் காலத்தில் முதல் பார்ட்டிஷன் 63-ஆவது செக்டரில் தொடங்கும். பின்னால் டிஸ்க்குகள் உள்ளுக்குள் 4096 பைட் செக்டருக்கு மாறின. 63-ஐ 512-ஆல் பெருக்கினால் 32,256. அது 4096-ஆல் மிச்சமின்றி வகுபடாது. அதனால் ஒரு துண்டு எழுத இரண்டு செக்டரைத் தொடவேண்டி வந்து வேகம் குறைந்தது. இப்போது 2048-ஆவது செக்டரில், அதாவது சரியாக 1 எம்பி தள்ளித் தொடங்குகிறார்கள். அச்சில் இழை ஒன்று தப்பினால் துணி நெடுகக் கோடு விழுகிற மாதிரி, தொடக்கம் பிசகினால் டிஸ்க் நெடுக அதன் பலன் தெரியும்.

பெட்டியின் மேல் 4 டிபி என்று போட்டிருக்க, விண்டோஸ் 3.63 என்று காட்டுவதைப் பார்த்து ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். கம்பெனி ஆயிரத்தால் எண்ணுகிறது. கம்ப்யூட்டர் 1024-ஆல் எண்ணுகிறது. ஒரே சேலையை ஆறு கெஜம் என்றும் ஐந்தரை மீட்டர் என்றும் சொல்வதைப் போலத்தான். கணக்குப் போடும்போது ஓர் அளவுகோலை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இனி எதை எங்கே வைப்பது. இங்கேதான் கைத்திறன் முழுவதும் இருக்கிறது. ஒவ்வொரு வகை டேட்டாவையும் பார்த்து இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: இது என்ன வேகத்தில் வளரும்? இது தொலைந்தால் மறுபடி கிடைக்குமா?

ஜக்கார்டு பெட்டிக்கான டிசைனை எடுத்துக்கொள்ளலாம். 240 கொக்கி, 3000 ஊடை உள்ள ஒரு டிசைனில் 7,20,000 புள்ளிகள். கொக்கி தூக்கவேண்டுமா, வேண்டாமா என்பது மட்டுமே ஒவ்வொரு புள்ளியும் சொல்லும் செய்தி. அட்டையில் ஓட்டை உண்டா இல்லையா என்ற அதே கேள்வி. புள்ளிக்கு ஒரு பிட் என்று சேமித்தால் மொத்தம் 90,000 பைட். செல்போனில் எடுத்த ஒரு சேலைப் படம் சாதாரணமாக 4 எம்பி; அந்த இடத்தில் இப்படிப்பட்ட டிசைன் நாற்பதுக்கு மேல் அடங்கும். ஆனால் படம் தொலைந்தால் சேலையை விரித்து இன்னொரு படம் எடுத்துக்கொள்ளலாம். டிசைன் தொலைந்தால், கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக மறுபடி நிரப்ப எத்தனை நாள் ஆகும் என்பது அதைப் போட்டவருக்குத்தான் தெரியும். மிகச் சிறியது மிக விலைமதிப்பற்றது. மிகப் பெரியது மலிவானது. இந்தத் தலைகீழ்க் கணக்கைக் கண்டுகொண்டவர் டிசைனையும் படத்தையும் ஒருபோதும் ஒரே வால்யூமில், அதாவது ஒரே எல்லைக்குள், வைக்கமாட்டார். ஆவணியிலும் தையிலும் முகூர்த்தச் சீசன் வந்து, வாடிக்கையாளருக்கு அனுப்பும் படமும் வீடியோவும் குவிந்து டிஸ்க் நிரம்பினால் நிரம்பட்டும். டிசைன் போடுகிறவரின் சேவ் பட்டன் நிற்கக்கூடாது.

கணக்கு மூன்றாவது வகை. அது மெதுவாக வளரும், இடைவிடாமல் எழுதப்படும், சட்டமும் அதைக் கேட்கும். ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடு நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். கம்பெனியாகப் பதிவான நிறுவனம் என்றால், 2022-இல் வந்த திருத்தத்தின்படி, கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் கணக்குப் புத்தகங்களின் பேக்கப்பைத் தினமும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் எடுத்துவைக்க வேண்டும். ஆகவே கணக்குக்குத் தனி வால்யூம், வேகமான டிஸ்க், அனுமதி உள்ள இரண்டு மூன்று பேர்.

நான்காவது, யாரும் கவனிக்காத லாக். சர்வர் தன் நாட்குறிப்பைத் தானே எழுதிக்கொண்டிருக்கும். ஏதோ ஒரு பிரிண்டர் கோளாறால் ஒரே பிழைச் செய்தி ஓயாமல் பதிவானால், ஒரு வார விடுமுறையில் டிஸ்க் நிரம்பிவிடக்கூடும். லாக் இருக்கும் ‘வார்’ ஃபோல்டரைத் தனியாகப் பிரித்திருந்தால் அது மட்டும் நிரம்பும். சர்வர் எழுந்து நிற்கும். பிரிக்காத சர்வரில் லாகின் செய்யக்கூட முடியாமல் போவதுண்டு.

இவற்றையெல்லாம் ஏந்த இரண்டு தொகுதி டிஸ்க் போதும். சிஸ்டத்துக்கும் கணக்குக்கும் 480 ஜிபி எஸ்எஸ்டி இரண்டு, ஒன்றின் கண்ணாடிப் பிரதியாக இன்னொன்று. மற்றவற்றுக்கு 4 டிபி ஹார்ட் டிஸ்க் நான்கு. டிஸ்க்குகளைக் கூட்டாக வேலை வாங்கும் ரெய்ட் முறைகளை 1988-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்ஸன், கிப்ஸன், காட்ஸ் மூவரும் வகைப்படுத்தினார்கள். நான்கு டிஸ்க்கை ரெய்ட் 5-ஆகக் கட்டினால் 12 டிபி கிடைக்கும். ரெய்ட் 10-ஆகக் கட்டினால் 8 டிபிதான். 12 என்ற எண் ஆசை காட்டும். ஆனால் ரெய்ட் 5-இல் ஒரு டிஸ்க் செத்தால், புதியதை நிரப்ப மிச்சம் மூன்றையும் முழுக்கப் படித்தாக வேண்டும். மலிவான டிஸ்க்குகளின் விவரத்தாள் உறுதி சொல்வது, நூறு லட்சம் கோடி பிட்டுக்கு ஒரு படிப்புப் பிழைக்கு மேல் வராது என்று. அது சுமார் 12.5 டிபி. படிக்கவேண்டியதோ 12 டிபி. நடைமுறையில் டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே உழைக்கும் என்றாலும், அத்தனை விளிம்பில் ஒரு நிறுவனத்தின் டிசைன்களை நிறுத்துவது சரியல்ல. ரெய்ட் 10-இல் செத்த டிஸ்க்கின் ஜோடியை மட்டும் படித்தால் போதும். நொடிக்கு 150 எம்பி வேகத்தில் அதற்கும் ஏழரை மணி நேரம் ஆகும். சிறு அலுவலகத்துக்கு ரெய்ட் 10-தான் சரி. இழக்கும் 4 டிபி நிம்மதிக்குக் கொடுக்கும் விலை.

எஸ்எஸ்டி ஜோடியில் ஒரு சின்ன இடத்தைப் பார்த்தாலே வேலை செய்தவர் யாரென்று சொல்லிவிடலாம். மெஷினை எழுப்பும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன், சாஃப்ட்வேர் மிரரில் மற்றவற்றைப் போலத் தானாகப் பிரதியாவதில்லை. கைப்பழக்கம் உள்ளவர் இரண்டு எஸ்எஸ்டியிலும் தனித்தனியே 512 எம்பி ஒதுக்கி, இரண்டிலும் அதை நிரப்பி, ஒரு டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு மெஷின் எழுகிறதா என்று பார்த்த பிறகே மூடியை மூடுவார். மற்றவர் செய்த சர்வரில் டேட்டா பத்திரமாக இருக்கும், மெஷின் மட்டும் எழாது.

எல்லையை உறுதியாகப் போடவேண்டும், ஆனால் பின்னால் நகர்த்தவும் முடியவேண்டும். இந்த முரணைத் தீர்த்தது எல்விஎம். 1998-இல் ஹைன்ஸ் மாவெல்ஸ்ஹாகன் லினக்ஸுக்கு எழுதியது. டிஸ்க் இடத்தையெல்லாம் ஒரு குளமாகச் சேர்த்து, 4 எம்பி 4 எம்பியாக அளந்து வால்யூம்களுக்குக் கொடுக்கும். ஒரு வால்யூமின் துண்டுகள் அடுத்தடுத்து இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே 500 ஜிபி கொடுத்த டிசைன் வால்யூம் நிரம்பத் தொடங்கினால், வேலை நேரத்திலேயே, யாரையும் எழுந்திருக்கச் சொல்லாமல் 100 ஜிபி சேர்த்துவிடலாம்.

இந்த வசதி பலிக்க ஒரு நிபந்தனை உண்டு: முதல் நாளே எல்லாவற்றையும் பங்கு போட்டு முடித்துவிடக்கூடாது. எஸ்எஸ்டியில் சிஸ்டத்துக்கு 40 ஜிபி, லாகுக்கு 40, கணக்குக்கு 60, ஸ்வாப்புக்கு 8. மிச்சம் ஏறக்குறைய முந்நூறு ஜிபி யாருக்கும் தராமல் வெறுமனே இருக்கட்டும். 8 டிபியில் படத்துக்கு 3, டிசைனுக்கும் பொதுக் கோப்புகளுக்கும் அரை அரை. மிச்சம் நாலும் காத்திருக்கட்டும். வால்யூமைப் பெரிதாக்குவது எளிது, சிறிதாக்குவது கஷ்டம். எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தைச் சிறிதாக்க அநேகமாக வழியே இல்லை. எக்ஸ்ட்4-ஐச் சிறிதாக்கலாம், அதற்கு வால்யூமைக் கழற்றி வேலையை நிறுத்தவேண்டும். காலி இடத்தைப் பார்த்து மனம் பதறாமல் இருப்பது இந்தத் தொழிலில் வரும் முதிர்ச்சி.

எக்ஸ்ட்4-இல் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கம் ஒன்று: சொல்லாவிட்டால் 5 சதவீத இடத்தை ரூட் பயனாளருக்கென்று ஒதுக்கிவைத்துவிடும். சிஸ்டம் வால்யூமுக்கு அது உயிர்காக்கும் ஏற்பாடு. 3 டிபி பட வால்யூமில் அதே 5 சதவீதம் 150 ஜிபி. அங்கே அதை 1 சதவீதமாக்கிவிடலாம்.

பெயர் வைப்பதிலும் ரசனை தெரியும். டிஸ்க்குக்குச் சிஸ்டம் கொடுக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்கள் நிலையற்றவை. ஒரு யுஎஸ்பி டிஸ்க் செருகியிருக்க மெஷின் மறுபடி எழுந்தால் வரிசை மாறக்கூடும். ஆகவே எது எங்கே ஒட்டவேண்டும் என்று எழுதும் எஃப்எஸ்டேப் ஃபைலில் மாறாத அடையாள எண்ணோ லேபிளோதான் இருக்கவேண்டும். லேபிளைத் தமிழிலும் வைக்கலாம், அளவு பார்த்து. எக்ஸ்ட்4 லேபிளுக்கு 16 பைட்தான் இடம். யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் கொக்கியும் தனித்தனிக் குறிகள். ‘பட்டு’ என்பதில் ஐந்து குறி, 15 பைட்; அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்துகொள்ளும். ‘கணக்கு’ என்பதில் ஆறு, 18 பைட், உட்காராது. வேண்டுமானால் ‘வரவு’ என்று வைக்கலாம்: வ, ர, வ, உகரக் குறி, ஆக 12 பைட்.

இவ்வளவு செய்தாலும் இது பேக்கப் ஆகாது. மிரர் என்பது தவறையும் அந்த நொடியிலேயே பிரதியெடுக்கும். ஒருவர் கை தவறி அழித்த ஃபோல்டர் இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றாக அழியும். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்பது தொழிலில் நிலைத்துவிட்ட சூத்திரம். சிறு அலுவலகத்தில் இரண்டு யுஎஸ்பி டிஸ்க்குகளை வாரம் மாற்றி வாரம் செருகி, ஒன்றை எப்போதும் அலுவலகத்துக்கு வெளியே வைத்தால் பெரும்பாலும் போதும். பேக்கப் முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். ஒட்டியே இருக்கும் டிஸ்க்கை ரான்சம்வேர் சேர்த்துப் பூட்டிவிடும். எஃப்எஸ்டேப்பில் அந்த டிஸ்க்கின் வரியில் ‘நோஃபெயில்’ என்று சேர்க்கவும் மறக்கக்கூடாது. இல்லாவிட்டால், டிஸ்க் வெளியே போயிருக்கும் வாரத்தில் மின்சாரம் போய் வந்தால், மெஷின் அதற்காகக் காத்திருந்து, பிறகு மேலே எழாமல் நின்றுவிடும். கல்யாணம் இல்லாத ஆடியும் மார்கழியும் ஒரு டிசைனையாவது பேக்கப்பிலிருந்து எடுத்துத் திறந்து பார்க்க ஏற்ற மாதங்கள்.

சின்ன காஞ்சிபுரத்தில் காலத்தை அளக்க வேறொரு அளவுகோல் உண்டு. வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்திலிருந்து அத்திவரதர் 1979-க்குப் பிறகு 2019-இல் எழுந்தருளி 48 நாள் தரிசனம் தந்தார். நாற்பது வருஷ இடைவெளி. பட்டுத் தொழிலிலும் அந்த இடைவெளி அந்நியமானதல்ல; பாட்டியின் கல்யாணச் சேலையைக் கொண்டுவந்து அதே கரை, அதே முந்தி வேண்டும் என்று பேத்தி கேட்பது நடக்கிற விஷயம். ஹார்ட் டிஸ்க்குக்குக் கம்பெனிகள் தரும் வாரன்டி வழக்கமாக 3 முதல் 5 வருஷம். ஒரு டிசைன் நாற்பது வருஷம் வாழவேண்டுமானால் எட்டு டிஸ்க்காவது மாறவேண்டும். இந்த இடத்தில் எல்விஎம் செய்வது கண்ணுக்கு இனிய வேலை. புது டிஸ்க்கைக் குளத்தில் சேர்த்து, ‘பிவிமூவ்’ என்று ஒரு கட்டளை கொடுத்தால், பழைய டிஸ்க்கில் இருப்பதைத் துண்டு துண்டாகப் புதியதற்கு நகர்த்தும். பில் போடுகிறவர் பில் போட்டுக்கொண்டிருப்பார். டிசைன் போடுகிறவர் மயில்கண் பார்டரை நிரப்பிக்கொண்டிருப்பார். அவர்கள் காலடியில் இருக்கும் டிஸ்க் மாறிப்போயிருக்கும்.

வேலை முடிந்த பிறகு செய்யவேண்டியது இன்னொன்று. டிஸ்க், வால்யூம், லேபிள், அளவு, ஒட்டிய இடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் அச்சடித்து, தேதி போட்டு, சர்வர் மூடியின் உட்புறத்தில் ஒட்டவேண்டும். ஐந்து வருஷம் கழித்து அந்தப் பெட்டியைத் திறப்பவர் வேறொருவராக இருப்பார். அந்தத் தாள் ஒட்டப்படும்வரை வேலை முடியவில்லை.